சாபிள்ளை என்றொரு சொல்



புறநானூற்றின் 74ஆம் பாடலை ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் படித்த காலத்தில், அது மானத்தைப் பற்றிய பாடல் என்றே எங்களுக்கு விளக்கப்பட்டது. சிறையில் இருந்த சேரமான் கணைக்கால் இரும்பொறை, கேட்ட தண்ணீர் காலந்தாழ்ந்து வந்ததால் குடிக்க மறுத்து உயிர் துறந்தான் என்பது அதன் பின்னணியாகச் சொல்லப்படும் செய்தி. தேர்வுக்கும் அதுதான் வரும். அதையே எழுதி மதிப்பெண் பெற்றோம். ஆனால், அப்பாடல் ஒரு பழைய வழக்கத்தைச் சொல்லித்தான் தொடங்குகிறது. குழந்தை இறந்து பிறந்தாலும், உருப்பெறாத தசைப்பிண்டமாகப் பிறந்தாலும், அதனையும் ஓர் ஆளாகவே மதித்து வாளால் கீறிய பிறகே அடக்கம் செய்தார்களாம்.

வாள் நமக்கு இன்று வேண்டாம். உயிரின்றிப் பிறந்த பிள்ளையையும் 'ஆள்' என்று கணக்கில் சேர்த்த அந்த எண்ணம்தான் என்னைப் பல நாள் சிந்திக்க வைத்தது. ஏனெனில், இருபதாம் நூற்றாண்டு வரையில் உலகின் பெரிய அரசாங்கங்கள் சிலகூட அப்பிள்ளைகளைக் கணக்கில் சேர்க்கவில்லை.

நம் முன்னோர்களிடம் இதற்கொரு சொல் இருந்தது: சாபிள்ளை. கேட்பதற்குக் கடினமான சொல்தான். இன்றைய மருத்துவத் தமிழில் 'இறந்து பிறத்தல்' என்கிறோம். உலகச் சுகாதார நிறுவனம் நாடுகளை ஒப்பிடுவதற்காக, 28 வாரமோ அதற்கு மேலோ ஆன கரு உயிரின்றிப் பிறப்பதை இவ்வாறு வரையறுக்கிறது. ஒவ்வொரு நாடும் தனக்கென வேறு எல்லையும் வைத்திருக்கிறது. பிரிட்டனில் 1992 வரை 28 வாரம். அதன் பிறகு 24 வாரம். ஆக, ஒரே பிள்ளை ஒரு நாட்டில் 'பிறப்பு'. இன்னொரு நாட்டில் வெறும் 'கருச்சிதைவு'!

என் பாட்டி சிலாங்கூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால், "எட்டுப் பெத்தேன், அஞ்சு நின்னுச்சு" என்பார். நிற்காத மூன்றில் இரண்டு சாபிள்ளைகள். அவற்றை ஆண்கள் துணியில் சுற்றி எடுத்துச் சென்று லயத்துக்கு அப்பால் புதைத்துவிட்டு வந்தார்கள். எந்த இடம் என்று பெற்றவளுக்குச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. தமிழகத்திலோ, வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகப் பாதையோரத்தில் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். வழிப்போக்கர் தலைச்சுமையை அதன்மேல் இறக்கி வைத்து இளைப்பாறுவர். தாயும் பிள்ளையும் சேர்ந்து இறந்தால் கல் உண்டு. பிள்ளை மட்டும் இறந்து தாய் பிழைத்துக்கொண்டால் ஒன்றுமில்லை. மூன்றாம் மாதம் மீண்டும் மரம் சீவப் போகவேண்டியதுதான்.

இது தோட்டப்புறத்து ஏழைகளின் கதை மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம். 1702 முதல் 1714 வரை பிரிட்டனை ஆண்ட ஆன் அரசியார் 17 முறை கருவுற்றவர். அவற்றுள் பெரும்பாலானவை கருச்சிதைவாகவும் இறந்த பிறப்பாகவும் முடிந்தன. ஒரே ஒரு மகன் 11 வயது வரை இருந்து 1700இல் இறந்தான். அரண்மனையும் அரச மருத்துவர்களும் உடனிருந்தும் அதுதான் நிலை.

இங்கிலாந்திலும் வேல்சிலும் இறந்து பிறந்த பிள்ளைகளைப் பதிவு செய்வது 1927 ஜூலையில்தான் தொடங்கியது. அதற்கு முன் அப்பிள்ளைக்குப் பிறப்புப் பதிவும் இல்லை, இறப்புப் பதிவும் இல்லை. பதிவு வேண்டும் என்று போராடியவர்கள் சொன்ன காரணங்களுள் ஒன்று சற்று அதிர்ச்சியானது: உயிரோடு பிறந்த சிசுவைக் கொன்றுவிட்டு 'இறந்தே பிறந்தது' என்று சொல்லிப் புதைத்தால் கேட்பாரில்லை என்பது. எக்காரணத்தால் ஆனாலும் கணக்கெடுப்பு தொடங்கியது. எத்தனை என்று தெரிந்த பிறகுதானே ஏன் என்ற கேள்வி வரும்? வகுப்பில் வருகைப் பதிவேடு வைத்திருக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஏன் என்ற கேள்விக்கு முதலில் கிடைத்த விடைகளுள் ஒன்று கிரந்தி நோய், அதாவது சிபிலிஸ். கணவனிடமிருந்து மனைவிக்கும், மனைவியிடமிருந்து வயிற்றுப் பிள்ளைக்கும் செல்லும் நோய் இது. 1906இல் வாசர்மன் என்ற ஜெர்மானியர் இதற்கான இரத்தப் பரிசோதனையைக் கண்டார். 1943இல் பெனிசிலின் இந்நோயைக் குணப்படுத்தும் என்று தெரிந்தது. இன்று கருவுற்ற பெண் முதல்முறை கிளினிக்குக்குச் செல்லும்போது எடுக்கும் இரத்தத்தில் இச்சோதனையும் அடக்கம். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை ஒழித்துவிட்ட நாடு என 2018இல் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்று வழங்கியது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் அச்சான்றைப் பெற்ற முதல் நாடு நம் நாடு. கட்டடங்களின் உயரத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு நாம் இதைப் பேசுவதில்லை.

இன்னொரு காரணம் நம் தோட்டங்களுக்கு மிகவும் நெருக்கமானது: மலேரியா. மலேரியாக் கிருமி ஏறிய சிவப்பணுக்கள் கருவுற்ற பெண்ணின் நச்சுக்கொடியில் போய்த் தங்குகின்றன. பிள்ளைக்குச் செல்லும் உணவும் உயிர்வளியும் குறைகின்றன; பிள்ளை மெலிகிறது, சில வேளைகளில் இறந்துவிடுகிறது. 1901இல் கிள்ளானில் மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்து நீரை வடியவைத்து நகரில் காய்ச்சலைக் குறைத்துக் காட்டினார். அதன் பின் மலைச்சரிவுத் தோட்டங்களில் வேறொரு கொசு, தெளிந்த ஓடை நீரிலேயே பெருகுவதைக் கண்டு நீரின்மேல் எண்ணெய் தெளிக்கும் முறையைக் கொண்டுவந்தார். தோட்டத்து டிரெசர் கொய்னா மாத்திரை கொடுத்த கதைகளை நம் வீட்டு முதியவர்கள் சொல்வார்கள் அல்லவா? அந்த ஓடையெண்ணெயும் கசப்பு மாத்திரையும் பிறக்கவிருந்த பிள்ளைகளையும் காத்தன.

எனினும், இந்த வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி ஆர்.எச். எனும் இரத்தவகைக் காரணியின் கதைதான். அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

அந்நாளில் சில பெண்களைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. தலைப்பிள்ளை நன்றாகப் பிறக்கும். அடுத்தது மஞ்சள் பூத்துப் பிறந்து இறக்கும். அதற்கடுத்தது வயிற்றிலேயே இறந்து பிறக்கும். "அவள் வயிற்றில் தோஷம்" என்பார்கள். கோயிலுக்குக் கோயில் நடப்பார்கள், கயிறு கட்டுவார்கள். முடியாதபோது கணவனுக்கு இரண்டாம் தாரம் பார்ப்பார்கள். அந்தத் 'தோஷம்' என்னவென்று 1939இல்தான் முதல் தடயம் கிடைத்தது. நியூயார்க்கில் இறந்த பிள்ளையைப் பெற்ற ஒரு பெண்ணுக்குக் கணவரின் இரத்தத்தை ஏற்றியபோது கடும் ஒவ்வாமை ஏற்பட்டது. இருவருக்கும் ஒரே இரத்தப் பிரிவு! பிலிப் லெவைன், ரூஃபஸ் ஸ்டெட்சன் என்ற இருவர் இதனை ஆராய்ந்து, பிள்ளை தந்தையிடமிருந்து பெற்ற ஏதோ ஒன்றைத் தாயின் உடல் பகையாகக் கண்டிருக்கிறது என்று எழுதினர். மறு ஆண்டே லாண்ட்ஸ்டைனரும் வீனரும் ஆர்.எச். காரணியைப் பற்றி அறிவித்தனர். 1941இல் லெவைன் முழு விளக்கத்தையும் தந்தார்.

மாணவர்களுக்கு விளக்குவதுபோல் சொல்கிறேன். தாய்க்கு ஆர்.எச். இல்லை, தந்தையின் வழியாகப் பிள்ளைக்கு இருக்கிறது. முதற்பேற்றின்போது பிள்ளையின் இரத்தம் சிறிது தாயின் இரத்தத்தில் கலக்கிறது. தாயின் உடல் அதை அந்நியன் என்று எண்ணி எதிர்ப்புப் பொருளை உண்டாக்கி, நினைவிலும் வைத்துக்கொள்கிறது. அதற்குள் முதற்பிள்ளை பிறந்துவிட்டதால் தப்பிக்கொள்கிறது. அடுத்த பிள்ளை வரும்போது, தடுப்பூசி போட்ட உடல் கிருமியை எதிர்ப்பதுபோல் தாயின் உடல் பிள்ளையின் சிவப்பணுக்களை அழிக்கத் தொடங்குகிறது. இதில் அவள் செய்த குற்றம் என்ன இருக்கிறது?

1963இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் வில்லியம் லைலி என்ற மருத்துவர், தாயின் வயிற்றின் வழியே ஊசியைச் செலுத்திக் கருவிலிருந்த பிள்ளைக்கே இரத்தம் ஏற்றிக் காப்பாற்றினார். அதற்கு முன் செய்த முயற்சிகள் தோற்றிருந்தன. அன்று வயிற்றினுள்ளே பார்க்க ஸ்கேன் இல்லை; எக்ஸ்ரே படத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு செய்தார்.

நோய் வந்த பின் காப்பது ஒன்று. வராமலே தடுப்பது வேறொன்று. நியூயார்க்கில் ஃபிரேடா, கோர்மன், பொல்லாக் ஆகிய மூவரும், லிவர்பூலில் சிரில் கிளார்க், ரானல்டு ஃபின் ஆகியோரும் தனித்தனியே ஒரே எண்ணத்துக்கு வந்தார்கள். கிளார்க் பட்டாம்பூச்சி வளர்ப்பவர். பூச்சிகளின் மரபியலை ஆராய்ந்துகொண்டிருந்தவர் அங்கிருந்துதான் மனித இரத்தத்துக்கு வந்து சேர்ந்தார். அவர்களின் எண்ணம் இதுதான்: தாயின் உடல் பிள்ளையின் இரத்தத்தை அடையாளம் கண்டுகொள்ளும் முன்னரே, வெளியிலிருந்து எதிர்ப்புப் பொருளைச் செலுத்தி அந்த அணுக்களை அகற்றிவிட்டால் உடலுக்கு நினைவே உண்டாகாது. நியூயார்க் குழு சிங்சிங் சிறைச்சாலைக் கைதிகளிடம் இதைச் சோதித்தது. அம்மருந்து, 'ஆன்டி-டி' ஊசி, 1968இல் பயன்பாட்டுக்கு வந்தது.

அந்த மருந்துக்கு வேண்டிய எதிர்ப்புப் பொருள் மனித இரத்தத்திலிருந்தே கிடைக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன் 14 வயதில் நெஞ்சு அறுவை சிகிச்சையின்போது பிறர் கொடுத்த இரத்தத்தால் பிழைத்தவர். 18 வயதானதும், 1954இல், தாமும் கொடுக்கத் தொடங்கினார். ஊசியைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது. குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். அவருடைய இரத்தத்தில் இந்த எதிர்ப்புப் பொருள் மிகுதியாக இருப்பது தெரியவந்த பின், 2018இல் 81 வயதில் நிறுத்தும் வரை மொத்தம் 1,173 முறை கொடுத்தார். 2025 பிப்ரவரியில் காலமானார். நன்னெறிக் கல்விப் பாடத்துக்கு எடுத்துக்காட்டுத் தேடும் ஆசிரியர்கள் இவரைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

இதை ஏன் இவ்வளவு நீட்டினேன் என்றால், நம் நாட்டில் இது நம்மவர்க்கே கூடுதலாகத் தொடர்புள்ள செய்தி. சீனரிலும் மலாய்க்காரரிலும் ஆர்.எச். இல்லாதவர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இந்திய வழியினரிலோ நூற்றுக்கு ஏறக்குறைய ஐவர். முப்பது பெண்கள் அமர்ந்திருக்கும் திருமணக் கூடத்தில் ஒருவர், இருவர் இருப்பார்கள். 28ஆம் வாரத்தையொட்டியும், பிள்ளை பிறந்து 72 மணி நேரத்திற்குள்ளும் ஊசி போடுகிறார்கள். கரு கலைந்துபோனாலும் இதைப் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். வீட்டோடு மறைத்துவிட்டால் அடுத்த பிள்ளைக்கு ஆபத்து. நம் வளர்ந்த பெண்பிள்ளைகள் தங்கள் இரத்தப் பிரிவைச் சொல்லும்போது 'ஓ', 'ஏ' என்பதோடு நிறுத்தாமல், பின்னால் உள்ள கூட்டல், கழித்தல் குறியையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பேறுகாலத்துக்கு முன்பே பெண்களை ஒழுங்காகப் பரிசோதிக்கும் முறைக்கும் ஒரு தொடக்கம் உண்டு. எடின்பரோ நகரின் பாலன்டைன் என்பவர் 1901இல் கருவுற்ற பெண்களுக்கென்றே மருத்துவமனைப் படுக்கை வேண்டுமென வாதிட்டார். 28 வாரம் வரை மாதத்துக்கு ஒருமுறை, 36 வரை இரு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு வாரந்தோறும் என்ற அட்டவணையைப் பிரிட்டனின் சுகாதார அமைச்சு 1929இல் வகுத்தது. உலகின் பல நாடுகளில் அதுவே நெடுங்காலம் நடைமுறையானது. சிங்கப்பூரின் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை 1924இல் மகப்பேற்று மருத்துவமனையானது. 1966இல் ஒரே ஆண்டில் 39 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அங்கே பிறந்தன. பின்னாளில் அந்நாட்டின் அதிபரான பெஞ்சமின் ஷியர்ஸ், வயிற்றின் அடிப்பகுதியைக் கீறிப் பிள்ளையை எடுக்கும் பாதுகாப்பான அறுவை முறையை அங்கு நிலைநிறுத்தியவர். பிரசவ வலியின்போது இறந்துபோகும் பிள்ளைகளைக் காப்பதில் இந்த அறுவைக்குப் பெரிய பங்குண்டு. இன்றும் உலகில் நேரும் இறந்த பிறப்புகளில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் வலி தொடங்கிய பின்னரே நேர்கின்றன என்பதை நினைத்துப் பாருங்கள்.

மருத்துவம் இத்தனை முன்னேறிய காலத்திலும் பேச்சு மட்டும் முன்னேறவில்லை. பிரிட்டனில் 1980கள் வரையிலும் இறந்து பிறந்த பிள்ளையைத் தாயின் கண்ணில் காட்டாமலே எடுத்துச் செல்வது வழக்கம். முன்பின் தெரியாதவர் சவப்பெட்டியிலோ பொதுக்குழியிலோ வைத்துவிடுவார்கள். வயது முதிர்ந்த தாய்மார் பலர் அந்தக் குழியை இன்றுங்கூடத் தேடுகிறார்கள். லயத்துக்கு அப்பால் புதைத்ததற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? 1968இல் ஸ்டான்ஃபோர்டு போர்ன் என்ற மனநல மருத்துவர், இப்பெண்களைப் பற்றிக் குடும்ப மருத்துவர்களிடம் விசாரித்தபோது, அவர்களுக்கே பேச விருப்பமில்லை, நினைவும் இல்லை என்று கண்டார். தாயைவிட மருத்துவர்தான் அதிகம் மறக்க விரும்பினார் போலும். 1978இல் பிள்ளையை இழந்த பெற்றோரே ஒன்றுகூடி 'சாண்ட்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினர். பார்க்க விரும்பினால் பிள்ளையைப் பார்க்கலாம், கையில் ஏந்தலாம், பெயர் வைக்கலாம் என்ற நிலை மெல்ல வந்தது.

இங்கே எங்கள் பள்ளியில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், இளம் ஆசிரியை ஒருவர் எட்டாம் மாத முடிவில் பிள்ளையை இழந்தார். விடுப்பு முடிந்து அவர் திரும்பிய நாளில், இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி, "டீச்சர், பாப்பா எங்கே?" என்று கேட்டுவிட்டாள். பக்கத்து வகுப்பிலிருந்த எனக்கு மூச்சே நின்றுவிட்டது. அவர் நிதானமாக, "பாப்பா பிறந்தாள், ஆனால் உயிரோடு பிறக்கவில்லை. பெயர் வைத்து அனுப்பிவிட்டோம்" என்றார். "பேரு என்ன டீச்சர்?" என்றாள் அவள். பெயரைச் சொன்னார். "நல்லா இருக்கு டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் பயிற்சிப் புத்தகத்தை நீட்டினாள். பெரியவர்கள் எவரும் தம்மிடம் அந்தப் பெயரைக் கேட்கவில்லை என்று பின்னர் அவரே என்னிடம் கூறினார்.

உலக அமைப்புகளும் நீண்ட நாள் வாய் திறக்கவில்லை. 2000ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை வகுத்த மேம்பாட்டு இலக்குகளில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பும் தாய்மாரின் இறப்பும் இடம்பெற்றன. இறந்த பிறப்புக்கு இடமில்லை. 2011இல் 'லான்செட்' மருத்துவ இதழ் ஆண்டுக்கு ஏறக்குறைய 26 லட்சம் என்று கணக்கிட்டு எழுதியபோதுதான் பலர் திரும்பிப் பார்த்தனர். 2014இல், ஒவ்வொரு நாட்டிலும் 2030க்குள் ஆயிரம் பிறப்புக்கு 12 அல்லது அதற்குக் கீழ் என்ற இலக்கு வகுக்கப்பட்டது. ஐ.நா. அமைப்புகளும் உலக வங்கியும் 2020இல் கூட்டாக வெளியிட்ட அறிக்கை, ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம், அதாவது 16 விநாடிக்கு ஒன்று என்றது.

இனி, நம் வீட்டுப் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் இரண்டைச் சொல்கிறேன். இரண்டிலும் ஆராய்ச்சி தொடர்ந்து நடந்து வந்திருக்கிறது.

ஒன்று, பிள்ளையின் அசைவு. 1976இல் பிரிட்டனின் கார்டிஃப் நகரில் பத்து அசைவுகளை எண்ணிக் குறிக்கும் அட்டவணை உருவானது. நம் கிளினிக்குகளில் கொடுக்கும் புத்தகத்திலும் அத்தகைய அட்டவணை உண்டு. வெறுமனே எண்ணுவதால் மட்டும் இறப்பு குறையும் என்று 1989இல் வெளிவந்த பெரிய ஆய்வும் காட்டவில்லை. 2018இல் வெளிவந்த இன்னொன்றும் காட்டவில்லை. ஆதலால் எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு கலங்குவதைவிடத் தன் பிள்ளையின் வழக்கம் என்ன என்று தாய் அறிந்திருப்பதே முதன்மை. அந்த வழக்கம் குறைந்தால் அன்றே, அந்த நேரமே, மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். "கடைசி மாசத்துல அப்படித்தான் அடங்கும்" என்று மாமியாரோ அத்தையோ சொல்வார்கள். தவறு. இறுதி வாரங்களில் அசைவின் தன்மை மாறலாம், குறையக் கூடாது. "மிஸ்ஸி திட்டுவாங்க" என்று இரவில் போகத் தயங்குவோரும் உண்டு. திட்டினால் திட்டட்டும்.

மற்றொன்று, படுக்கும் முறை. 2011இல் அதே ஆக்லாந்து நகரிலிருந்து வந்த ஆய்வு இடப்பக்கம் படுப்பதைப் பற்றிப் பேசியது. 2019இல் பல நாட்டு ஆய்வுகளை ஒன்றாக்கிப் பார்த்தபோது, 28 வாரத்துக்குப் பின் மல்லாந்து படுத்து உறங்கச் செல்வோருக்கு இறந்த பிறப்பு நேரும் வாய்ப்பு 2.6 மடங்கு என்று தெரிந்தது. இடப்பக்கமோ வலப்பக்கமோ, ஒருக்களித்துப் படுத்தால் போதும். உறக்கத்தில் புரண்டு மல்லாந்துவிட்டால் அஞ்ச வேண்டாம். விழித்ததும் திரும்பிப் படுத்துக்கொள்ளலாம். இரத்த அழுத்தம், இனிப்பு நீர், புகை ஆகியவற்றைப் பற்றித் தாதியர் சொல்லிக் கொடுப்பது உங்களுக்குத் தெரிந்ததே. இனிப்பு நீர் நம்மவர்க்கு அதிகம் வருவதால் அந்தச் சீனித் தண்ணீர்ச் சோதனையைத் தட்டிக் கழிக்காதீர்கள்.

எல்லாவற்றையும் செய்தும் சில பிள்ளைகள் காரணம் தெரியாமலே இறந்து பிறக்கின்றன. பெற்றவளிடம் போய் என்ன சாப்பிட்டாய், எங்கே போனாய், எதைத் தூக்கினாய் என்று விசாரணை நடத்தும் உறவினர்கள் அதையும் அறிந்துகொள்ளட்டும்.

தோட்டப்புறங்களில் இப்பிள்ளைகளைக் குறிக்க 'சாபிள்ளை' தவிர வேறு சொற்களும் வழங்கியிருக்கின்றன என்று நினைக்கிறேன். உங்கள் பாட்டிமாரிடம், பெரியம்மாமாரிடம் கேட்டு, அவர்கள் சொல்ல விரும்பினால், அந்தச் சொல்லையும் தோட்டத்தின் பெயரையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். ஒரு பட்டியல் தொகுத்து வருகிறேன்.